நோவு வருமுன் அன்னையரை அழைப்போம்

மழைக்காலம் வருமுன் ஓட்டு வீட்டின் உடைந்த ஓடுகளை மாற்றுகிறோம். பொங்கல் வருமுன் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம். கால்நடை மருத்துவர் ஊருக்கு வருகிறார் என்று கேள்விப்பட்டால் ஆடு மாடுகளை ஓட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்று ஊசி போட்டு வருகிறோம். அவற்றுக்கு நோய் கண்டுவிட்டதா? இல்லை. இனிமேலும் காணாதிருக்க வேண்டும் என்ற முன்யோசனைதான்! வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. ஆனால் அந்த வீட்டைத் தாங்கி நிற்கும் தாயின் உடல்நலத்தை மட்டும், அவள் நோவு தாளாமல் படுக்கையில் விழும் வரையில் யாரும் கேட்பதில்லை. அவளும் யாரிடமும் சொல்வதில்லை. இது நியாயம்தானா என்று எண்ணிப் பார்க்கும்படி இம்மலரைக் கையில் எடுத்திருக்கும் அனைவரையும் அன்புடன் வேண்டுகிறோம்.

எழுமலையிலும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் பிறந்து, பத்தாம் வகுப்பில் பயின்று வரும் நாங்கள் இங்கே பேச விரும்புவது கருப்பைவாய்ப் புற்றுநோயைப் பற்றியும், அதை முன்கூட்டியே கண்டறியும் எளிய சோதனையைப் பற்றியும் ஆகும். பதினைந்து வயதுப் பெண்கள் பேசுகிற பொருளா இது என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். அவர்களுக்கு எங்கள் பணிவான விடை இதுதான். ஒரு வீட்டில் தாய் படுத்துவிட்டால், அடுப்பு மூட்டுவது யார்? தம்பி தங்கைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புவது யார்? தாய்க்குக் கஞ்சி கொடுத்து, துணி மாற்றி, இரவெல்லாம் பக்கத்தில் விழித்திருப்பது யார்? மூத்த மகள்தான்! ஆகவே தாய் நோயுறும்போது பள்ளியை விட்டு முதலில் நிற்பவளும் அவளே. தாயின் உடலில் வரும் நோய் மகளின் புத்தகப் பையையும் சேர்த்துப் பறிக்கிறது. அப்படியிருக்க, இது எங்கள் பொருள் அன்று என்று எவ்வாறு சொல்ல இயலும்?

கருப்பையின் கீழ்முனையாகிய வாய்ப்பகுதியில் தோன்றுவதால் இந்நோய்க்கு அப்பெயர் வந்தது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் மதிப்பீட்டின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டது. அதே ஆண்டில் ஏறத்தாழ 80,000 பெண்கள் இதனால் மாண்டனர். இதை நாங்கள் நாள் கணக்காக வகுத்துப் பார்த்தோம். ஒரு நாளைக்கு இருநூறு பேருக்கு மேல் வருகிறது. நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளை ஒன்று முடிந்து மணி அடிப்பதற்குள் இந்தியாவில் ஆறு பெண்கள் இந்நோயால் இறக்கிறார்கள் என்பது இதன் பொருள். அவர்களில் பலர், எங்களைப் போன்ற பிள்ளைகளை வீட்டில் விட்டுச் சென்ற தாய்மார்கள் அல்லவா?

இத்தனை பேரைக் கொல்லும் நோய் மிகக் கொடிய வேகம் உடையதாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. புற்றுநோய்களுள் இது மிகவும் மெதுவாக வளர்வது. ‘ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்’ என்னும் கிருமியே இதற்குக் காரணம் என்பதை ஜெர்மனி நாட்டு அறிஞர் ஹரால்ட் சூர் ஹவுசன் கண்டறிந்தார். அதற்காக 2008ஆம் ஆண்டில் அவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பட்டது. மணவாழ்வின் வழியே ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவும் இக்கிருமி, ஆண் பெண் இருபாலரில் பெரும்பாலோரை வாழ்நாளில் என்றேனும் ஒரு முறை தொட்டுச் செல்கிறது. பெரும்பாலோரின் உடலில் உள்ள எதிர்ப்புச் சக்தியே ஓரிரு ஆண்டுகளில் அதை விரட்டிவிடுகிறது. சிலரிடம் மட்டும் அது தங்கிவிடுகிறது. தங்கிய இடத்தில் உள்ள உயிரணுக்கள் மெல்ல மெல்ல மாறுகின்றன. அந்த மாற்றம் புற்றுநோயாக முற்றுவதற்குப் பொதுவாகப் பதினைந்து முதல் இருபது ஆண்டுகள் ஆகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. உடலின் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களிடம் மட்டும் இக்காலம் குறையும்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் விளங்குகின்றன. முதலாவது, இந்நோய் கண்ட பெண்ணை ஏதோ குற்றம் புரிந்தவளைப் போலப் பார்ப்பது பெரும் பாவம். சளி காய்ச்சல் போல எவரையும் தொடக்கூடிய ஒரு கிருமிக்கும் ஒருத்தியின் ஒழுக்கத்துக்கும் என்ன தொடர்பு? இரண்டாவது, நோய் முற்றுவதற்கு முன் அதைத் தடுத்து நிறுத்த நமக்குப் பல ஆண்டுகள் அவகாசம் கிடைக்கிறது. ஆனால் அந்த ஆண்டுகளில் வலி இராது, காய்ச்சல் இராது, இரத்தப்போக்கும் இராது. மாதவிலக்கு நின்ற பின்பும் உதிரம் படுதல், இடைநாட்களில் உதிரம் காணுதல், துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல், ஓயாத இடுப்பு வலி ஆகியவை தோன்றும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். ஆகையால் உடல் சொல்லும் வரை காத்திராமல், ஒரு நோவும் இல்லாதபோதே போய்ப் பார்ப்பதுதான் இந்நோய்க்குரிய வழி.

அப்படிப் பார்ப்பதற்கான முதல் வழியைக் கண்டவர் கிரேக்க நாட்டில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஜார்ஜ் பாப்பனிக்கலாவ் என்னும் மருத்துவர். கருப்பைவாயிலிருந்து எடுத்த உயிரணுக்களைக் கண்ணாடித் தகட்டில் தடவி, நுண்ணோக்கியில் பார்த்து, புற்றுநோயின் அறிகுறியைக் கண்டுகொள்ளலாம் என்று 1928ஆம் ஆண்டில் அவர் அறிவித்தார். அன்று அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஹெர்பர்ட் டிராட் என்பவரோடு சேர்ந்து 1943ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட நூலுக்குப் பிறகே உலகம் கவனித்தது. இந்த ஆராய்ச்சிக்காகப் பல ஆண்டுகள் தம்மையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டவர் அவருடைய மனைவியார் ஆந்திரோமாக்கி. ‘பாப் சோதனை’ என்று இன்று உலகெங்கும் வழங்கும் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு பெண்மணியின் பொறுமையும் இருக்கிறது என்பதை நாம் மறக்கலாகாது.

பாப் சோதனைக்கு நுண்ணோக்கியும், பயிற்சி பெற்ற வல்லுநரும், முடிவு வரும்வரை காத்திருக்கும் நாட்களும் தேவை. ஒரு நாள் கூலியை இழந்து, பஸ் ஏறி நகரத்துக்கு வந்த ஒரு கிராமத்துப் பெண், முடிவைக் கேட்க மறுபடியும் வருவாளா? ஆகவே நம்மைப் போன்ற ஊர்களுக்கு இன்னும் எளிய ஒரு முறையை மருத்துவர்கள் கைக்கொண்டார்கள். வினிகரில் இருக்கின்ற அதே அசெட்டிக் அமிலத்தை நீர்த்த நிலையில் பஞ்சில் தொட்டுக் கருப்பைவாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, நல்ல வெளிச்சத்தில் பார்க்கிறார்கள். மாறுதல் அடைந்த பகுதி இருந்தால் அது வெண்மையாகத் தெரியும். கத்தி இல்லை, மயக்க மருந்து இல்லை. சில நிமிடங்களில் முடிந்துவிடும். பயிற்சி பெற்ற செவிலியரே இதைச் செய்யலாம். முடிவும் அப்பொழுதே தெரிந்துவிடும்.

இவ்வளவு எளிய சோதனை உண்மையிலேயே உயிரைக் காக்குமா என்று ஐயுறுவோர் உண்டு. அந்த ஐயத்தைத் தீர்த்து வைத்தவர்கள் வேறு யாரும் அல்லர். நம் மதுரைக்கு வடக்கே, அடுத்த மாவட்டமாகிய திண்டுக்கல்லின் கிராமத்துப் பெண்களே! ஒட்டன்சத்திரத்துக்கு அருகில் உள்ள அம்பிளிக்கையின் கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய நல மையமும், டாக்டர் ஆர். சங்கரநாராயணன் முதலானோர் பணியாற்றிய பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் இணைந்து 2000ஆம் ஆண்டில் அங்கே ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கின. மாவட்டத்தின் ஊர்களை 114 தொகுதிகளாகப் பிரித்து, அவற்றில் 57 தொகுதிகளில் 30 முதல் 59 வயது வரையிலான பெண்களைச் சோதனைக்கு அழைத்தார்கள். மற்ற 57 தொகுதிகளில் வழக்கமான மருத்துவ வசதிகள் மட்டும் தொடர்ந்தன. சோதனையைச் செய்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்கள். சிகிச்சை தேவைப்பட்டவர்களில் தகுதியுடையோருக்கு, மாறுதல் அடைந்த பகுதியைக் குளிரால் உறையச் செய்து நீக்கும் சிகிச்சையையும் அவர்களே அங்கேயே செய்தார்கள்.

அதன் முடிவு 2007ஆம் ஆண்டில் ‘லான்செட்’ என்னும் புகழ்பெற்ற மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில், மற்ற ஊர்களைவிட இந்நோய் காணுவது 25 விழுக்காடு குறைந்திருந்தது. இந்நோயால் நேரும் சாவு 35 விழுக்காடு குறைந்திருந்தது. 30 முதல் 39 வயது வரையிலான பெண்களிடம் பலன் இன்னும் மிகுதி. அவர்களிடையே சாவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. இந்த வயதைப் படித்தபோது நாங்கள் சற்று நின்றுவிட்டோம். ஏனெனில் எங்களில் பலருடைய அன்னையரின் வயது அதுவே.

மலைக்கு மேற்கே உள்ள தேனி மாவட்டத்துக்கும் இதில் ஒரு பெருமை உண்டு. தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின்கீழ் இச்சோதனையை அரசு முன்னோடியாகத் தொடங்கிய இரு மாவட்டங்களுள் அதுவும் ஒன்று; மற்றொன்று தஞ்சாவூர். 2007ஆம் ஆண்டில் தொடங்கிய அந்த முயற்சி பின்னர் மாநிலம் முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்டது. ஆக, நமக்கு வடக்கே ஒரு சான்று இருக்கிறது. மேற்கே ஒரு முன்மாதிரி இருக்கிறது. இடையில் இருக்கும் நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம்?

2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு இதற்கு விடை கூறுகிறது. இந்தியாவில் 30 முதல் 49 வயது வரையிலான பெண்களுள் ஒருமுறையேனும் இச்சோதனையைச் செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் கூட இல்லை. தமிழ்நாட்டில் அந்தக் கணக்கு 9.8 விழுக்காடு. மற்ற மாநிலங்களோடு ஒப்பிட்டால் இது உயர்வுதான். ஆனால் நூறு பேர் எழுதிய தேர்வில் பத்துப் பேர் தேறினால் அந்த வகுப்பைப் பாராட்டுவோமா? மீதித் தொண்ணூறு பேரைப் பற்றி அல்லவா தலைமையாசிரியை கேட்பார்!

அந்தத் தொண்ணூறு பேர் ஏன் போகவில்லை? திண்டுக்கல் ஆய்வே இதற்கு ஒரு குறிப்புத் தருகிறது. அழைக்கப்பட வேண்டியவர்களாகக் கணக்கெடுக்கப்பட்ட பெண்கள் 49,311 பேர். வந்தவர்கள் 31,343 பேர். பணம் கேட்கவில்லை, தொலைதூரம் அனுப்பவில்லை. இருந்தும் ஏறத்தாழ 18,000 பேர் வரவில்லை. அவர்களை அறிவிலிகள் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. எங்கள் அம்மாக்களிடமும், அத்தை, சித்திமாரிடமும், அப்பத்தா, அம்மாச்சிகளிடமும் பேசிப் பார்த்ததில், அவர்களுடைய காரணங்கள் எங்களுக்கு ஒருவாறு விளங்குகின்றன.

முதற்காரணம் கூச்சம். ‘அந்த இடத்தைப் போய் எப்படிக் காட்டுவது?’ என்கிறார்கள். நாணம் பெண்ணுக்கு அணிகலன் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் அவர்கள். அதை எள்ளி நகையாடுவது முறையன்று. ஆனால் பிள்ளைப்பேற்றின் போது இதே உடலை மருத்துவரிடமும் செவிலியரிடமும் ஒப்படைக்கத் தயங்கவில்லையே! பிள்ளையின் உயிருக்காக விட்ட நாணத்தைத் தம் உயிருக்காக ஐந்து நிமிடம் விடக்கூடாதா? அந்தப் பிள்ளை வளர்வதற்கும் தாயின் உயிர் வேண்டுமே!

இரண்டாவது காரணம் பயம். ‘ஏதாவது இருக்கிறது என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? தெரியாமல் இருப்பதே நிம்மதி’ என்கிறார்கள். புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டாலே சாவு என்று பொருள் கொண்ட காலம் ஒன்று இருந்தது. தம் தங்கையை அந்நோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், அந்தத் துயரத்தோடு ஓய்ந்துவிடாமல் 1954ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். டாக்டர் சாந்தா அம்மையார் 2021ஆம் ஆண்டில் மறையும் வரை அங்கேயே இருந்து அதை வளர்த்தார். புற்றுநோயை முன்பே கண்டால் வெல்லலாம் என்பதை அவர்கள் ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் காட்டினார்கள். மேலும், சோதனையில் வெண்மை தெரிந்தவர்கள் எல்லோருக்கும் புற்றுநோய் இருப்பதில்லை. திண்டுக்கல்லில் சோதிக்கப்பட்டவர்களுள் பத்தில் ஒருவருக்கு அவ்வாறு தெரிந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இல்லை. மேலும் ஒருமுறை கூர்ந்து பார்க்க வேண்டும் என்பதே அதன் பொருள். பார்த்த பின் முன்மாறுதல் இருந்தால் அதைப் புற்றாக வளரவிடாமல் அகற்றிவிடலாம். மற்றப் புற்றுநோய்கள் பலவற்றில் நோயைத்தான் முன்பே கண்டுபிடிக்கிறோம். இதிலோ நோய் தோன்றும் முன்பே அதன் வித்தைக் கண்டுபிடிக்கிறோம். இது பயப்பட வேண்டிய செய்தியா, மகிழ வேண்டிய செய்தியா?

மூன்றாவது காரணம் வேலை. களையெடுப்பு, பருத்தியெடுப்பு, பூப்பறிப்பு என்று விடியுமுன் காட்டுக்குப் போகும் பெண்ணுக்கு ஒரு நாள் என்பது ஒரு நாள் கூலி. அதைவிடப் பெரியது நான்காவது காரணம். ‘எனக்கென்ன, நான் நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்பது அது. எல்லோரும் உண்ட பின் மிஞ்சியதை உண்ணவும், எல்லோரும் உறங்கிய பின் உறங்கவும் பழகிவிட்ட நம் அன்னையர், மருத்துவமனை வரிசையிலும் தம்மைக் கடைசியில் நிறுத்திக்கொள்கிறார்கள். இதைத் தியாகம் என்று நாம் புகழ்கிறோம். அந்தப் புகழ்ச்சியை இனி நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் கருத்து. தாய் தன்னைக் கவனிக்காமல் இருப்பது குடும்பத்துக்கு ஆதாயம் அன்று; நட்டமே.

இந்தக் காரணங்களையெல்லாம் வெல்வது எது? ஓர் அழைப்பு! இதை நாங்களாகச் சொல்லவில்லை. இங்கிலாந்து நாட்டின் அனுபவம் சொல்கிறது. அங்கே பாப் சோதனை 1960களிலேயே வந்துவிட்டது. ஆனால் யாருக்கு விருப்பமோ அவர்கள் வந்து செய்துகொள்ளலாம் என்று விடப்பட்டிருந்தது. 1988ஆம் ஆண்டில்தான் உரிய வயதுப் பெண்கள் ஒவ்வொருவருக்கும், வீடு தேடி, பெயர் சொல்லி, கடிதம் அனுப்பி அழைக்கும் முறை வந்தது. அந்த ஆண்டில் 42 விழுக்காட்டினரே சோதனை வட்டத்துக்குள் இருந்தனர். 1994ஆம் ஆண்டில் அது 85 விழுக்காடு ஆயிற்று! சோதனை அதே சோதனைதான். புதிதாக வந்தது அழைப்பு ஒன்றே.

நம் நாட்டுப் பம்பாயிலும் இதற்குச் சான்று உண்டு. அங்குள்ள டாட்டா நினைவு மருத்துவமனை குடிசைப் பகுதிப் பெண்களிடம் நடத்திய நீண்ட ஆய்வின் முடிவு 2014ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதே வினிகர் முறைதான். அழைக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 89 விழுக்காட்டினர் வந்தனர். சாவு 31 விழுக்காடு குறைந்தது. அங்கே சோதனை செய்தவர்கள் மருத்துவர்களும் அல்லர், செவிலியர்களும் அல்லர். குறைந்தது பத்தாம் வகுப்பு வரை படித்து, சில வாரங்கள் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப்பெண்களே! பத்தாம் வகுப்புப் படிப்பு என்பது எவ்வளவு பெரிய செல்வம் என்பதை எங்களுக்கு இதைவிட நன்றாக யார் சொல்ல முடியும்?

நம் ஊரில் பெயர் சொல்லி அழைக்கும் கடிதம் வீடு தேடி வரும் என்று காத்திருக்க வேண்டாம். அக்கடிதம் ஒவ்வொரு வீட்டிலும் ஏற்கெனவே இருக்கிறது. அது மகள்தான்! ‘அம்மா, உங்களுக்கு முப்பது வயது தாண்டிவிட்டதே, சோதனை செய்துகொண்டீர்களா?’ என்று கேட்க மகளைவிட உரிமை உடையவள் யார்? தன் தாய், பெரியம்மா, அத்தை, பக்கத்து வீட்டு மதினி என்று ஒவ்வொருத்தியும் இரண்டு பேரை அழைத்துச் சென்றால், ஒரு வகுப்பே ஒரு கிராமத்தைக் காப்பாற்றிவிடலாம். 30 முதல் 65 வயது வரையிலான பெண்களுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை இச்சோதனை செய்ய வேண்டும் என்று 2016ஆம் ஆண்டில் மத்திய அரசு வகுத்த நெறிமுறை கூறுகிறது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சம்மாவிடம் கேட்டால் எந்த நாளில், எங்கே செய்கிறார்கள் என்பதைச் சொல்வார். மேல்சிகிச்சை தேவைப்பட்டால் உசிலம்பட்டி அரசு மருத்துவமனைக்கும், மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கும் அனுப்புவார்கள்.

அழைத்தால் மட்டும் போதுமா? வந்தவர்கள் மனம் நோகாமல் திரும்ப வேண்டுமே! ஆகையால் மருத்துவத் துறையினருக்கும் எங்கள் வேண்டுகோள் உண்டு. சோதனை செய்யும் இடத்தில் கதவும் திரையும் இருக்க வேண்டும். பெண் செவிலியரே செய்ய வேண்டும். என்ன செய்யப் போகிறோம் என்பதை முன்னதாக நல்ல சொற்களால் விளக்க வேண்டும். ஒரு கடுஞ்சொல் போதும்; அந்தப் பெண் மட்டும் அல்ல, அவள் தெருவே மறுபடி வராது. முடிவில் ஐயம் இருந்தவர்களைத் தேடிச் சென்று சிகிச்சையில் சேர்ப்பதும் முக்கியம். சிகிச்சையில் முடியாத சோதனையால் யாருக்குப் பயன்? வினிகர் சோதனைக்கும் குறைகள் உண்டு. மாதவிலக்கு நின்ற பெண்களிடம் பார்க்க வேண்டிய பகுதி உள்ளே சென்றுவிடுவதால் அது அவ்வளவாகப் பயன்படாது. அவர்களுக்கு வேறு சோதனை தேவை. கிருமியையே நேராகக் கண்டறியும் எச்.பி.வி. சோதனையை உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டில் முதன்மையாகப் பரிந்துரைத்தது. அதற்கான மாதிரியைப் பெண்கள் தாமே எடுத்துக் கொடுக்கவும் முடியும். கூச்சத்துக்கு இதைவிட நல்ல மருந்து உண்டோ? அச்சோதனை நம் கிராமங்களுக்கும் எட்டும் விலையில் வர வேண்டும்.

தந்தையரிடம் ஒரு சொல். நம் வீடுகளில் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால் உங்கள் சம்மதமும், பெரும்பாலும் உங்கள் சட்டைப்பையும் வேண்டியிருக்கிறது. ‘ஒன்றும் இல்லாததற்கு எதற்கு ஆஸ்பத்திரி?’ என்று நீங்கள் கேட்டுவிட்டால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்துவிடும். ‘வா, நானே வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன்’ என்று சொன்னால் ஓர் உயிர் பிழைக்கும். நோய் முற்றிய பின் செலவிடும் நிலமும் நகையும் எவ்வளவு என்பதை நீங்கள் அறியாதவர்கள் அல்லர்.

எங்களைப் பெற்றோரைப் போலவே பேணி வளர்க்கும் அருட்சகோதரியருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. இத்தாலி நாட்டு வெரோனா நகரின் இறப்புப் பதிவேடுகளை ஆராய்ந்த ரிகோனி ஸ்டெர்ன் என்னும் மருத்துவர், மடத்துக் கன்னியரிடம் கருப்பைப் புற்றுநோய் மிக அரிது என்றும், மார்பகப் புற்றுநோயோ மற்றப் பெண்களைவிட மிகுதி என்றும் 1842ஆம் ஆண்டிலேயே எழுதினார். ஊராரின் நலனையெல்லாம் விசாரிக்கும் எங்கள் சிஸ்டர்கள், தங்கள் மார்பகப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதிருக்க வேண்டும் என்பது பிள்ளைகளாகிய எங்கள் அன்பு வேண்டுகோள்.

எங்கள் தலைமுறைக்குத் தடுப்பூசி என்னும் கவசம் கிடைத்திருக்கிறது. அண்டை நாடாகிய இலங்கை 2017ஆம் ஆண்டிலேயே பள்ளிச் சிறுமியருக்கு இத்தடுப்பூசியைப் போடத் தொடங்கிற்று. தமிழ்நாடு அரசும் 14 வயதுச் சிறுமியருக்கு இதைப் போடுவதற்காக 2025ஆம் ஆண்டின் நிதிநிலை அறிக்கையில் தொகை ஒதுக்கியது. ஆனால் ஏற்கெனவே உடலில் தங்கிவிட்ட கிருமியை ஊசி அகற்றாது. ஆகவே எங்களுக்கு ஊசி. எங்கள் அன்னையருக்குச் சோதனை. ஊசி போட்டுக்கொண்டவர்களும் முப்பது வயதுக்குப் பின் சோதனை செய்துகொள்ளத்தான் வேண்டும். ஊசி எல்லா வகைக் கிருமிகளையும் தடுப்பதில்லை. இந்தப் பழக்கத்தை இன்று அம்மாவுக்குக் கற்றுக் கொடுத்தால், நாளை அது எங்களுக்கே பழக்கமாகும்.

முடிவாக, எங்கள் பள்ளிக்கும் ஒரு யோசனையை முன்வைக்கிறோம். ஆண்டுதோறும் பெற்றோர் ஆசிரியர் கூட்டம் நடக்கிறது. மதிப்பெண் பட்டியலில் கையெழுத்திட அன்னையர் பலர் வருகிறார்கள். அந்த ஒரு நாளில் சுகாதார நிலையச் செவிலியர்களை அழைத்து, மறைவான ஓர் அறையை ஒதுக்கி, சோதனைக்கு ஏற்பாடு செய்தால் என்ன? மருத்துவமனைக்குப் போகக் கூசும் தாய், தன் மகள் படிக்கும் பள்ளிக்கு வரக் கூசமாட்டாள். மகளின் மதிப்பெண்ணைப் பார்க்க வந்தவள் தன் உடல்நலத்தையும் பார்த்துக்கொண்டு திரும்புவாள். மதரும் ஆசிரியைகளும் இதைக் கருணையோடு எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

அன்புத் தோழியரே! இம்மலரை வீட்டுக்கு எடுத்துச் செல்லும்போது, உங்கள் படமோ பெயரோ அச்சான பக்கத்தை மட்டும் அம்மாவிடம் காட்டாதீர்கள். இந்தப் பக்கத்தையும் உரக்கப் படித்துக் காட்டுங்கள். எழுத்தறியாத அப்பத்தாவும் கேட்கட்டும். படித்து முடித்ததும், எந்தக் கிழமை போகலாம் என்று கேளுங்கள். ‘பிறகு பார்க்கலாம்’ என்று சொன்னால் விடாதீர்கள், மறுநாளும் கேளுங்கள். நாங்களும் எங்கள் வீடுகளில் கேட்கத் தொடங்கிவிட்டோம்.

வாழ்க எங்கள் அன்னையர்!